கை காயும் நேரம்

"சோறு பிடிக்கவில்லையா?" என்று அந்தப் பாட்டி கேட்டபோது, நான் என் மரக்கரண்டியையும் தண்ணீர்க் கோப்பையையும் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தொட்டியருகே நின்றிருந்தேன். ஸ்பெயினின் வலென்சியா நகருக்குத் தெற்கே, நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் சுவேக்கா என்ற ஊரில், என்னோடு வேலை பார்த்த நண்பரின் வீடு அது. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணிக்கு உண்டு முடித்திருந்தோம். சிறு வயதில் எனக்குக் கற்பித்ததைத்தான் நான் செய்தேன்: முடித்ததும் எழுந்தேன், உண்ட பாத்திரத்தை நானே எடுத்துச் சென்றேன், கையலம்பினேன், விடைபெறுவதற்கான சொற்களை மனத்துக்குள் ஸ்பானியத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பிற்பகலில் வீட்டாரின் ஓய்வைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. திரும்பிப் பார்த்தால், எட்டுப் பேர் அமர்ந்திருந்த மேசையில் பேச்சு நின்றுபோயிருந்தது. பாட்டி எழுந்து வந்து என் முன்கையைப் பிடித்துக்கொண்டு வலென்சிய மொழியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். நண்பர் எனக்காக அதை ஸ்பானியத்தில் சொன்னார். சோறு மிக நன்றாக இருந்தது என்றேன். "பிறகு ஏன் போகிறாய்?" என்றார் பாட்டி.

இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். சுவேக்காவிலிருந்து வலென்சியாவுக்கு இரவு வரை ரயில் உண்டு என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நண்பர் என்னை நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். வழியில் எதுவும் கேட்கவில்லை. ரயில் சன்னலுக்கு வெளியே, அறுவடை முடிந்து குளிர்காலத்துக்காக நீர் கட்டிய வயல்கள் கண்ணாடியாகக் கிடந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையனுக்கு அந்தக் காட்சி ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ பரிமாறிய இலையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தவனைப் போல நெஞ்சு உறுத்தியது. ஆனால் நான் எதையும் மீதி வைக்கவில்லை. என் தவறு என்னவென்பதே எனக்குப் புரியவில்லை.

காத்திருக்காத சோறு

ஸ்பெயின்காரர்கள் நேரம் தவறுபவர்கள் என்று சொல்பவர்களை, பயேயா என்ற சோறு வேகும் ஒரு முற்றத்தில் அரைமணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். சோறு யாருக்காகவும் காத்திருக்காது, நாம்தான் சோற்றுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. அன்று நண்பரின் தந்தை முற்றத்தில் ஆரஞ்சு மர விறகை அடுக்கித் தீமூட்டி, அகன்ற தட்டைச் சட்டியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கோழித் துண்டுகளையும் முயல் துண்டுகளையும் பொன்னிறமாகும் வரை அவசரமில்லாமல் புரட்டிக்கொண்டிருந்தார். வாரநாள் சமையலெல்லாம் பெண்களின் கையில் இருக்கும் பல வீடுகளிலும், ஞாயிற்றுக்கிழமைப் பயேயா மட்டும் ஆண்களுடையது. பயேயா என்பது முதலில் அந்தச் சட்டியின் பெயர். பிறகுதான் சோற்றின் பெயர். தட்டையான பச்சை அவரை, கர்ரொஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, துருவிய தக்காளி, தண்ணீர், குங்குமப்பூ என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபின் அரிசி விழும். அதன்பின் யாரும் கிளறக் கூடாது. 18 முதல் 20 நிமிடத்தில் நீர் வற்றி, சட்டியின் அடியிலிருந்து மெல்லிய படபடப்பு ஒன்று கேட்கும். அடியில் பிடிக்கும் அந்தப் பொருக்குக்குச் சொக்காரத் என்று பெயர். என் வீட்டில் காந்தல் என்றால் அடுப்படியில் யாருக்கோ திட்டு விழுந்திருக்கிறது என்று பொருள்; அங்கே அதற்காகக் கரண்டிகள் மோதிக்கொள்கின்றன.

சட்டியை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தந்தை ஒரே ஒரு முறை குரல் கொடுத்தார். அதுவரை முற்றத்திலும் தெருவிலும் சிதறிக் கிடந்த குடும்பம் ஒரு நிமிடத்துக்குள் மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்டது. சட்டி அப்படியே மேசையின் நடுவில் இறங்கியது. தட்டுகள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கரண்டி. ஒவ்வொருவருக்கும் எதிரே, விளிம்பில் அகன்று நடுவில் குவியும் ஒரு முக்கோணப் பங்கு. கோடு எதுவும் கிழிக்கப்படவில்லை என்றாலும் எல்லை எல்லோருக்கும் தெரியும். விளிம்பிலிருந்து உள்நோக்கி உண்ண வேண்டும், அண்டை நிலத்துக்குள் கரண்டி போகக் கூடாது. தனக்கு வேண்டாத இறைச்சித் துண்டைச் சட்டியின் நடுவில் தள்ளிவைத்தால், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எட்டு வயல்களுக்கும் பொதுவான மேடு அது.

என்ன சேர்க்கலாம், என்ன சேர்க்கக் கூடாது என்பதில் வலென்சியாக்காரர்கள் காட்டும் கடுமையை உலகம் அறியும். பிரிட்டிஷ் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் 2016இல் சொரிசோ தொத்திறைச்சி போட்ட பயேயா ஒன்றைத் தம் பக்கத்தில் இட்டபோது ஸ்பெயினே பொங்கி எழுந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. சாம்பாரில் சர்க்கரையா என்று கொதிப்பவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். ஆனால் அவர்கள் சண்டையிடும் விஷயங்களைக் கற்றுக்கொள்வது எளிது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சண்டைக்கே இடமில்லாமல், சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருப்பவைதான் வெளியாளின் காலை இடறுகின்றன. அன்று அந்தச் சட்டி காலியாவதற்கு இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. மேசை கலைந்தது இரவு ஏழு மணிக்கு மேல் என்று மறுநாள் நண்பர் போகிறபோக்கில் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு மேல் அவர்கள் என்னதான் செய்தார்கள்?

மேசைமேல் இருப்பது

அந்த நேரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: சோப்ரெமேசா. சொல்லைப் பிரித்தால் மேசையின்மேல் என்று வரும்; உணவு முடிந்தபின்னும் மேசையைவிட்டு எழாமல் இருக்கும் பொழுதைக் குறிக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள்கூடப் பிற்பகல் ஒளிபரப்பு நேரத்தை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஸ்பெயின் என்றதும் நம்மவர்களுக்கு மதியத் தூக்கம்தான் நினைவுக்கு வரும்; நான் அறிந்த வீடுகளில் அந்தப் பொழுது தூக்கத்தில் போகவில்லை, பேச்சில்தான் போனது.

பெயர் தெரிந்தபின் எங்கு பார்த்தாலும் அது கண்ணில் பட்டது. அலுவலகத்துக்கு எதிரே இருந்த சிறிய உணவகத்தில் தினமும் இரண்டு மணிக்குச் சாப்பிடுவோம். மெனு தெல் தியா என்ற அன்றாடச் சாப்பாடு: முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, குடிக்க ஏதேனும், இறுதியில் இனிப்போ பழமோ காபியோ, எல்லாம் ஒரே விலைக்குள். 1960களில், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், சுற்றுலாப் பயணிகளுக்காக அரசு விலை வைத்துக் கட்டாயமாக்கிய ஏற்பாட்டிலிருந்து வந்தது இது. இன்று சுற்றுலாப் பயணிகளைவிடக் கட்டடத் தொழிலாளர்களும் வங்கி ஊழியர்களும்தான் இதை நம்பி வாழ்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரே எரிச்சல். உண்டு முடிந்து கால்மணி நேரமாகியும் பில் வராது. பணியாளர் எங்களைக் கடந்து நாலு முறை போவார், ஒரு முறையும் அதைப் பற்றிப் பேச மாட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நானே கையைத் தூக்குவேன். சக ஊழியர்கள் என்னைப் பார்ப்பார்கள். கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது அங்கே வாடிக்கையாளரை வாசலுக்குத் தள்ளுவதற்குச் சமம் என்பதை, தானும் வெளியாளாக வந்து கற்றுக்கொண்ட ஒரு மெக்சிகோப் பெண்தான் எனக்கு விளக்கினார்.

அவர் ஊரிலும் சோப்ரெமேசா உண்டு, ஆனால் வேறு சில பழக்கங்களும் உண்டு. மெக்சிகோவில் உணவகத்தை விட்டுக் கிளம்பும்போது, முன்பின் தெரியாத பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்தும் "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். உண்பது உடலில் ஒட்டட்டும் என்று வாழ்த்துவது போல. வலென்சியாவில் அவர் அப்படிச் சொன்னபோது சிலர் திடுக்கிட்டதாகச் சிரித்தார். அர்ஜென்டினாவில் இறைச்சி வாட்டியவருக்கு மேசையில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். சிலேயில் மாலைத் தேநீரோடு ரொட்டி உண்பதையே பதினொன்று என்று பொருள்படும் 'ஒன்சே' என்ற சொல்லால் அழைக்கிறார்கள். ஒரே மொழி கடல் தாண்டி இத்தனை விதமாகப் பந்தி விரித்திருக்கிறது. ஆனால் உண்ட பிறகும் உட்கார்ந்திருப்பது இவர்கள் எல்லோருக்கும் பொது.

ஏன் எழுகிறோம்

பாட்டியின் கேள்விக்குத் திரும்புகிறேன்: பிறகு ஏன் போகிறாய்? பல வாரங்கள் இதை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். மரியாதை, பிறர் ஓய்வு என்றெல்லாம் சொல்லிக்கொண்டதில் உண்மை பாதிதான். மீதிப் பாதி என் வலக்கையில் இருந்தது. கையால் உண்டு வளர்ந்தவனுக்கு உண்டபின் உட்கார்ந்திருப்பது இயலாத காரியம். எச்சில் கை காயக் கூடாது. காயும் முன் எழுந்து கழுவ வேண்டும். சிறுவனாக இருந்தபோது, கதை கேட்கும் ஆவலில் தட்டின் முன் உட்கார்ந்தே இருந்துவிட்டால், "கை காயுது பாரு" என்று ஒரு குரல் வரும். அதைவிட வலுவான ஆணை எங்கள் வீட்டில் இல்லை. கல்யாணப் பந்தியில் நிலைமை இன்னும் கறாரானது: நாம் பாயசத்தில் இருக்கும்போதே நம் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் இடம்பிடித்து நிற்பார்கள். அங்கே இலையை மடித்தபின் உட்கார்ந்து கதை பேசுபவன் இங்கிதம் தெரியாதவன். எங்களிடம் உணவுக்குப் பின்னான பேச்சு இல்லாமல் இல்லை. அது இடம் மாறி நடந்தது, திண்ணைக்கோ கூடத்துக்கோ போய், வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்தது. உண்ட இடம் வேறு, பேசும் இடம் வேறு, நடுவில் தண்ணீர்.

கரண்டியால் உண்பவர்களுக்கு அந்தத் தண்ணீர் தேவைப்படவில்லை. மரக்கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அதே நாற்காலியில், ரொட்டித் துணுக்குகள் சிதறிய அதே துணியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கிவிடலாம். (ரொட்டிக்கு அங்கே பெரும்பாலும் தனித் தட்டு கிடையாது, மேசைவிரிப்பின்மேல்தான் கிடக்கும். முதலில் எனக்கு அது அருவருப்பாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) நான் அன்று கரண்டியால்தான் உண்டேன். என் கையில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் எழுந்து போய்க் கழுவினேன். வராத அழுக்கைக் கழுவப்போய்தான் அந்த மேசையை அவமதித்திருக்கிறேன்.

நண்பகல் எப்போது

இன்னொரு குழப்பமும் உடன் இருந்தது. மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இராச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்று நாளையே பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கும் இவர்களின் கணக்கு எங்கிருந்து வந்தது? இதற்குப் பாதி விடை வரைபடத்தில் இருக்கிறது. கிரீன்விச் தீர்க்கரேகை வலென்சியாவுக்குச் சற்று வடக்கே, கஸ்தெயோன் நகர் வழியாகவே செல்கிறது. அங்கே அதன் பெயரில் ஒரு பூங்காகூட உண்டு. ஸ்பெயினின் பெரும்பகுதி அந்த ரேகைக்கு மேற்கே கிடக்கிறது. ஆகவே இயல்பாக லண்டன் நேரம்தான் பொருந்தும், முன்பு அப்படித்தான் இருந்தது. 1940 மார்ச் 16ஆம் நாள் இரவு பதினொரு மணிக்கு ஃபிராங்கோவின் அரசு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நாட்டை பெர்லின் நேரத்தோடு சேர்த்தது. போர் முடிந்தது, ஆட்சி முடிந்தது, கடிகாரம் மட்டும் திரும்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுவதால், ஜூலை மாதம் வலென்சியாவில் சூரியன் உச்சிக்கு வருவது இரண்டு மணி கடந்தபின். மேற்குக் கோடியில் கலீசியாவின் விகோ நகரில் இரண்டே முக்காலை நெருங்கிவிடும். வயிறு சூரியனோடேயே இருந்துகொண்டது, முள் மட்டும் நகர்ந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எல்லையைத் தாண்டிப் போர்ச்சுகலில் ஒரு மணிக்கு உண்பவரும், ஸ்பெயினில் இரண்டு மணிக்கு உண்பவரும் ஒரே கணத்தில்தான் கரண்டியை எடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கடிகாரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த வறுமையில் பலர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு வேலை பார்த்தார்கள். நடுவில் கிடைத்த நீண்ட இடைவெளியில் வீட்டுக்கு வந்து உண்டார்கள். இராச் சாப்பாடு தானாகவே பின்னால் போனது. ஆனால் எனக்குப் பிடித்தது இந்தக் காரணங்களைவிட ஒரு சிறு பேச்சுவழக்கு. இரண்டரை மணிக்குக் கடைக்காரரைப் பார்த்து "மதிய வணக்கம்" என்ற பொருளில் "புவெனாஸ் தார்தேஸ்" என்று சொன்னேன். "காலை வணக்கம்தான், இன்னும் சாப்பிடவில்லையே" என்றார் சிரித்துக்கொண்டு. விளையாட்டாகச் சொன்னாலும் அது பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு: சாப்பிடும் வரை காலை, சாப்பிட்டு எழுந்தபின் பிற்பகல். அப்படியானால் நாளின் இரு பாதிகளுக்கும் நடுவில், எதிலும் சேராமல் இருப்பது அந்த மேசைதான். அதிலிருந்து அரை மணியில் எழுந்து போக நினைத்தவன் நான்.

ஆரஞ்சுத் தோல்

பிப்ரவரியில் மீண்டும் அழைத்தார்கள். இம்முறை எழுவதில்லை என்ற முடிவோடு போனேன். மழை பெய்ததால் தந்தை பின்கட்டுத் தகரக் கூரைக்கடியில் தீ மூட்டினார். மூன்றரை மணிக்குச் சட்டி காலியானது. என் கால்கள் தாமாகவே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தன. பாதங்களை நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டேன். வீட்டு மரத்து ஆரஞ்சுகள் ஒரு கூடையில் வந்தன. எல்லோரும் கத்தியால் தோலைச் சுருள் சுருளாக உரித்தார்கள். பிறகு காபி. எனக்குப் பால் சிறிது சேர்த்த கொர்த்தாதோ, தாத்தாவின் தம்பிக்கு பிராந்தி ஊற்றிய கரஹியோ. அதன்பின் சிறு கிண்ணங்களில் மிஸ்தெலா என்ற இனிப்பு மது. முதல் ஒரு மணி நேரம் எனக்குப் பொறுமையின் சோதனையாகவே இருந்தது. பேச்சு எங்கும் போகவில்லை. கால்பந்து, ஒரு உறவினரின் மூட்டுவலி, விலை ஏறிய எண்ணெய். ஸ்பானியம் எனக்காக, தங்களுக்குள் வலென்சியம் என்று மாறிமாறிப் பேசினார்கள்.

பிறகு பக்கத்து வீட்டு நாய் ஒன்று பேச்சில் நுழைந்தது. அது கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, இவர்கள் வயலுக்குப் பாயும் வாய்க்காலில் விழுந்ததாம். வாய்க்காலில் கோரை மண்டியிருந்ததால் நாய் கரையேற முடியாமல் தவித்ததாம். கோரையை இந்த ஆண்டு யார் வெட்டுவது என்று சிற்றப்பா கேட்டார். தந்தை தம் முழங்காலைத் தடவினார். யாரும் பேசவில்லை. என் நண்பர், கணினிக்கு முன் பத்து மணி நேரம் உட்கார்ந்து சம்பாதிப்பவர், ஆரஞ்சுத் தோலைச் சிறுசிறு சதுரங்களாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். வயலைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்று சிற்றப்பா சொன்னது அப்போதுதான். பன்னிரண்டு அனெகாதா. அந்த ஊர் அளவில் ஓர் அனெகாதா 831 சதுர மீட்டர். மொத்தம் இரண்டரை ஏக்கர்தான், எங்கள் பக்கத்துக் கணக்கில் ஏழரை மா. நான் மனத்துக்குள் மாவாக மாற்றிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் மேசை முழுவதும் வலென்சியத்துக்கு மாறியிருந்தது. எனக்காக ஸ்பானியத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு ஏற்பட்ட நிறைவை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

பாதிதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. தந்தை விற்றுவிடலாம் என்றார். நண்பர் எதுவும் சொல்லவில்லை, அவர் சொல்லாததுதான் எல்லோருக்கும் கேட்டது. பாட்டி அதுவரை காபிக் குடுவையோடு உள்ளும் வெளியுமாக நடந்துகொண்டிருந்தவர், முதல் முறையாக நாற்காலியில் முழுவதுமாக உட்கார்ந்தார். குத்தகைக்கு விடுங்கள், விற்பதை நான் போனபிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வாக்கியங்களில் சொன்னார். தாத்தாவின் தம்பி தலையாட்டினார். முடிந்தது. யாரும் அதைத் தொகுத்துச் சொல்லவில்லை, யாரும் கண்கலங்கவில்லை. சிற்றப்பா மீண்டும் அந்த நாயின் கதைக்குப் போய், அதை மேலே இழுத்தவர் தானும் வழுக்கி விழுந்ததைச் சொல்ல, மேசை வெடித்துச் சிரித்தது. மணி ஆறு நாற்பது. வெளியே இருட்டிவிட்டது.

அன்றிரவு ரயிலில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டுதான் சிற்றப்பா காலையிலேயே வந்திருக்கிறார். சட்டியைச் சுற்றி எட்டுக் கரண்டிகள் இயங்கும்போது அதைச் சொல்லியிருந்தால் சோறு தொண்டையில் நின்றிருக்கும். பேசத்தான் வேண்டும் என்று கூட்டி உட்காரவைத்திருந்தால் அது வழக்காகியிருக்கும். சுமையை இறக்கிவைக்க அவருக்கு இரண்டு காபியும் ஒரு நாயும் தேவைப்பட்டன. நவம்பரில் நான் எழுந்து நின்றபோது அந்த மேசையில் எந்தப் பேச்சு நின்றுபோயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கடைசி நிலத்தை விற்ற செய்தியை எனக்குத் தொலைபேசியில்தான் சொன்னார்கள், கிரயம் முடிந்து நான்கு நாள் கழித்து.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

இதையெல்லாம் எழுதும்போதே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அன்று பாட்டியும் நண்பரின் தாயும் எத்தனை முறை எழுந்தார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்குப் பிறகு விட்டுவிட்டேன். தந்தை முற்றத்தில் சமைத்ததற்கு எல்லோரும் பாராட்டினார்கள். காய் நறுக்கியதும், சட்டியைச் சொரண்டியதும், கோப்பைகளைக் கழுவியதும் பாராட்டு இல்லாமல் நடந்தன. எழாமல் உட்கார்ந்திருக்கும் கலை என்று நான் வியந்தது, பெரும்பாலும் ஆண்கள் எழாமல் உட்கார்ந்திருக்கும் கலை. இளையவர்கள் வீடுகளில் இது மாறியிருக்கிறது. நண்பரின் வீட்டில் அவர்தான் கழுவுகிறார், அதுவும் விருந்தினர் போனபிறகு. உணவகங்களிலும் இதே கதைதான். ஐந்து மணி வரை எங்கள் மேசையில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தால், மதியப் பணி முடிந்து இரவுப் பணி தொடங்குவதற்குள் வீட்டுக்குப் போய்வரவேண்டிய பணியாளரின் ஓய்வு அங்கே கரைகிறது. அவர் பில்லைக் கொண்டுவராமல் கடந்துபோவதில் எவ்வளவு பண்பாடு, எவ்வளவு களைப்பு என்று இப்போது எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நகரத்து உணவகங்கள் பலவும் இப்போது இரண்டு பந்தி வைக்கின்றன: ஒன்றரை மணிக்கு வந்தால் மூன்றேகாலுக்குள் மேசையைக் காலி செய்யவேண்டும் என்று முன்பதிவுச் செய்தியிலேயே வந்துவிடுகிறது. நண்பர் அவற்றை விமான நிலையம் என்று திட்டுகிறார். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கப் பந்தியில் உண்டு பழகிய எனக்கு அங்கே ஏனோ கோபம் வருவதில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் அம்மா என்னோடு ஒரு மாதம் தங்க வந்தார். விதைப்புக்காக வயல்களில் நீர் பாய்ச்சியிருந்த ஒரு ஞாயிறன்று சுவேக்காவுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு மரக்கரண்டி கொடுத்தார்கள். அவர் அதை மரியாதையாக ஓரத்தில் வைத்துவிட்டுத் தம் முக்கோணத்தைக் கையால் பிசையத் தொடங்கினார். ஒரு கணம் எல்லோரும் பார்த்தார்கள், பிறகு பார்க்காதது போல் இருந்தார்கள். முயல் துண்டுகளை என்ன செய்வது என்று அம்மா கண்ணால் கேட்டபோது, நடுவில் தள்ளிவிடுங்கள் என்றேன். தள்ளினார். தாத்தாவின் தம்பியின் கரண்டி வந்து அவற்றைக் கொண்டுபோனது. முடிந்ததும் அம்மா எழுந்தார். மேசை மீண்டும் அமைதியானது. நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி எழுந்து, அம்மாவைக் கிணற்றடிக் குழாய்க்கு அழைத்துப்போய்த் தண்ணீர் திறந்துவிட்டு, துண்டு கொடுத்து, கையைப் பிடித்து அதே நாற்காலிக்குத் திரும்பக் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

ஆரஞ்சு வந்தது. காபி வந்தது. அம்மா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஐந்தரை மணிவாக்கில், முகத்தில் புன்னகை மாறாமல், என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்: "ஏன்டா, இவங்க எப்பதான் எழுந்திருப்பாங்க?"

அம்மா என்ன சொல்கிறார் என்று பாட்டி கேட்டார். சோறு மிக நன்றாக இருந்தது என்கிறார் என்றேன். பாட்டி என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, அம்மாவின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.